பாத்திரம் வைக்கும் ஓசை

கே.கே. நகரில் எங்கள் தெரு காலை ஏழு மணிக்கெல்லாம் பரபரக்கும். ஆட்டோவின் இருபுறமும் புத்தகப் பைகள் தொங்கும். வேன்காரர் ஹாரன் அடிப்பார். டிபன் பாக்ஸை மறந்து இறங்கிவிட்ட பிள்ளையை மாடியிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். ஒன்பது மணிக்குத் தெரு அடங்கிவிடும். கீரைக்காரம்மாவின் குரல் மட்டும் கேட்கும்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். வேனுக்கு ஓட வேண்டாம், சீருடைக்கு இஸ்திரி வேண்டாம். ஆனாலும் நெடுநாள் வரை, அந்தத் தெருவிலேயே அதிகம் பதறிய வீடு எங்களுடையதுதான்.

எட்டரைக்குள் குளியல், ஒன்பதுக்குக் கணக்கு, பத்துக்குத் தமிழ் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். ராத்திரி அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகும். ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சும்போதே மனசு ஒன்பது மணியை நோக்கி ஓடத் தொடங்கிவிடும். ஒருநாள் எட்டு வயது மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அம்மா, இன்னிக்குக் கோவமா?"

"ஏன்டி?"

"நீ பாத்திரம் வைக்கிற சத்தத்துலயே தெரியும்."

கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கணக்கும் தமிழும் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே, பாயில் படுத்தபடி தினமும் அவள் ஒரு பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பாடம் நான்.

எதற்காக இவ்வளவு பதற்றம்? ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் மாமியார் கேட்பார்: "பத்தாவது எப்படிம்மா எழுதுவா?" பதில் எனக்குத் தெரியும். 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்த பிள்ளை அதில் பதிந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு உண்டு. என் மகளுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. அந்த ஆறு வருஷத்தின் பயத்தை நான் ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குள் தீர்த்துவிடப் பார்த்தேன். வேலை செய்த களைப்பு தூங்கினால் போய்விடும். பயந்த களைப்பு தூக்கத்திலும் கூடவே படுத்துக்கொள்ளும்.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக வந்தது காந்தியின் அனுபவம். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தால்ஸ்தாய் பண்ணையில், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவரே ஆசிரியர். காலையெல்லாம் மண் வேலை, வீட்டு வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வகுப்பு. சொல்லிக் கொடுப்பவருக்கும் கண் சொக்கும், கேட்பவர்களுக்கும் சொக்கும். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்காருவார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் அவர்தான் கற்பித்தார். கப்பலிலும் சிறையிலும் படித்த கொஞ்சம் தமிழ்தான் அவரிடம் இருந்தது. பேச்சில் அந்தப் பிள்ளைகள் அவரை மிஞ்சியிருந்தார்கள். தன் அறியாமையை அவர்களிடம் ஒருபோதும் மறைக்க முயலவில்லை, அதனால்தான் சமாளிக்க முடிந்தது என்று தன்வரலாற்றில் எழுதுகிறார்.

மறைக்கவில்லை என்ற இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. நான் களைப்பை மறைத்தேன், தெரியாததை மறைத்தேன், பயத்தையும் மறைத்தேன். மறைத்ததெல்லாம் பாத்திரத்தின் சத்தமாக வெளியே வந்தது.

சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். பத்து மணிக்கு முன் நோட்டைத் திறப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் சிவன் பூங்காவுக்கு நடக்கிறோம். மற்ற நாட்களில் கீரை ஆய்ந்தபடி ஒரு கதை. கணக்குக்கு இருபது நிமிஷம் போதுமாக இருக்கிறது, அந்த இருபது நிமிஷமும் நான் அவள் பக்கத்தில் முழுசாக இருந்தால்.

இப்போதும் சில நாள் பாத்திரம் ஓங்கித்தான் விழுகிறது. "அம்மாவுக்குத் தூக்கம் போதலடி, உன் மேல கோவம் இல்ல" என்று உடனே சொல்லிவிடுகிறேன். அவள் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் வெங்காயம் உரிக்க உட்காருகிறாள்.

களைத்த அம்மாவைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், கை கொடுக்கவும் வருவார்கள். காரணம் தெரியாத கோபத்துக்குத் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வதைத்தான் அவர்களால் தாங்க முடியாது. விடியலில் அமைதி என்பது சத்தமே இல்லாத வீடு அல்ல. எந்தச் சத்தத்துக்கும் பிள்ளை பயந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டாத வீடு.