மாலை போடாத விரதம்

"நான் தினமும் குடிக்கிறவன் இல்லை, சனிக்கிழமை மட்டும்தான்." குடியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆண்கள் முதலில் சொல்வது இதைத்தான். மகள் பிறக்கும்வரை நானும் சொல்லிவந்தேன். அவள் வந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது: அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவளுக்கு அப்பா இருக்கிறாரா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவாட்டரில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. மாதத்தில் ஒருமுறை ஒரே அமர்வில் இந்த அளவு குடித்தாலே அது மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். ஒன்பது மணிக்குக் குடித்தவரின் ரத்தம் தெளிய விடிந்துவிடும். நடுவில் இரண்டு மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதித்தால் மருந்தை அளந்து ஊற்றவும் வண்டியை எடுக்கவும் வீட்டில் ஓர் ஆள் குறைவு. பாயில் பக்கத்தில் கிடக்கும் கைக்குழந்தைமேல் தன் கை விழுந்தாலும் அவருக்கு விழிப்பு வராது. குடித்துவிட்டுக் குழந்தையோடு படுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

விடுவது எப்படி? பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் சறுக்கினால் அந்தப் பழியைப் பிஞ்சு ஏன் சுமக்க வேண்டும்? மாறாக, சபரிமலைக்கு மாலை போட்டவரைப் பாருங்கள்; 41 நாள் குடியைத் தொடுவதில்லை. அவருடைய வைராக்கியத்துக்குத் துணையாக ஊரே நிற்கிறது. கூட்டாளிகள் கூப்பிடுவதில்லை, 'சாமி' என்கிறார்கள், வீட்டில் சமையல் மாறுகிறது. நான் பின்பற்றியது அந்த ஏற்பாட்டைத்தான். குடியை விடுகிறேன் என்று கூட்டாளிகளிடம் வெளிப்படையாகச் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைப்பது இனி என் வேலை என்று மனைவியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சும்மா இருக்கும் நேரம்தான் கடைக்கு இழுக்கும்.

ஒன்று மட்டும் கவனம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்; மருத்துவர் துணையோடுதான் விட வேண்டும்.

குழந்தை பிறந்த சேதி வந்ததும் "பார்ட்டி எப்போ மச்சான்?" என்று கேட்கிறோம். சாமிக்காக ஒருவனுடைய விரதத்தைக் காக்கத் தெரிந்த நமக்கு ஒரு சிசுவுக்காகவும் காக்கத் தெரியும். முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துவோம்.