ஈர்ப்பும் விரிவும்

பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. எனினும் அண்டம் விரிந்துகொண்டே செல்கின்றது. இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம்? இவ்வினாவை ஆராயுங்கால், உண்மையை நாடுவோர் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பதும் நமக்கு விளங்கும்.

மேலே எறிந்த கல்லை நோக்குவோம். அஃது ஏறும்போதும் பூமி அதனை ஈர்த்துக்கொண்டே இருக்கிறது. ஈர்ப்பு அதன் வேகத்தைக் குறைக்குமேயன்றி உடனே நிறுத்திவிடாது. கல் ஏறும், அல்லது இறங்கும். அந்தரத்தில் அசையாது நிலைத்திருத்தல் மட்டும் அதற்கு இயலாது. அண்டத்தின் நிலையும் அத்தகையதே.

ஐன்ஸ்டைன் தமது ஈர்ப்புக் கொள்கையை 1917-இல் அண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தார். அண்டம் என்றும் மாறாதது என்பதே அந்நாளைய நம்பிக்கை. அவருடைய சமன்பாடுகளோ அதற்கு இடந்தரவில்லை. ஆகவே, ஈர்ப்பை எதிர்த்துத் தாங்கும் ஓர் உறுப்பை அவற்றுடன் சேர்த்தார். 1922-இல் ருஷ்ய நாட்டு ஃபிரீட்மனும், 1927-இல் பெல்ஜியப் பாதிரியார் லெமேத்தரும் அண்டம் விரியக்கூடியதே எனக் கணித்துக் காட்டினர். தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்கள் தொலைவுக்கேற்ற வேகத்துடன் விலகுவதை 1929-இல் அமெரிக்க அறிஞர் ஹப்பிள் வெளியிட்டார். 1931-இல் ஐன்ஸ்டைன் தாம் சேர்த்த உறுப்பைக் கைவிட்டார்.

விரிவு எங்கும் வெல்வதில்லை. ஈர்ப்பு மிக்க இடங்களில் அதற்கு வலியில்லை. நம் உடலும் பூமியும் பால்வீதியும் அதனால் விரிவதில்லை. ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமெடா கூட்டம் நம்மை நோக்கியே வருகின்றது. மிகப் பெருந்தொலைவுகளிலேயே விரிவு மேலோங்குகிறது.

ஈர்ப்பினால் அவ்விரிவும் நாளடைவில் தளரும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆயின் 1998-இல் இரு ஆராய்ச்சிக் குழுவினர், வெடித்த விண்மீன்களின் ஒளியை ஆய்ந்து, விரிவு மேலும் விரைவுறுகிறது என்று கண்டனர். ஐன்ஸ்டைன் கைவிட்ட உறுப்பு மீண்டும் ஏற்கப்படலாயிற்று. முன்னர் அதனைச் சேர்த்தது நம்பிக்கை. பின்னர் அதனை வேண்டியது சான்று. உறுப்பு ஒன்றே, அதனை ஏற்ற நெறிகள் வேறு.

நிலையாமையை ஒப்பும் நாம், அண்டமும் மாறுவதே என்று கேட்டு மகிழ்தல் இயல்பே. ஆயினும், நம் கருத்துக்கு இசைகின்றது என்பதற்காகவே ஒன்றை ஏற்போமாயின், மாறாத அண்டத்தை விரும்பியோர் செய்ததையே நாமும் செய்தவராவோம். சான்று காட்டுமளவுக்கு ஏற்போம். நாளை வேறு சான்று தோன்றின் நம் கருத்தைத் திருத்திக்கொள்வோம். அறிவுடையோர்க்கு அதுவே அழகு.