ஆயக்கட்டு இழந்த ஏரி

வண்டலூரினின்று வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை நோக்கி வருகிறவர், சேரப்பணஞ்சேரி வட்டாரத்தை அடையும்போது, ஒருகாலத்தில் ஏரிப் பாசனத்தையே உயிராகக் கொண்டிருந்த பூமியில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகளும், ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் பேருந்துகளும், வெளியூர் இளைஞர் நெருங்கி வாழும் வாடகை அறைகளும் பெருகியிருக்கக் காண்கிறார். ஏரிகள் இருக்கின்றன, அவற்றை நம்பி உழுத ஆயக்கட்டுதான் சுருங்கிவிட்டது. பாசனப் பிரயோஜனம் நீங்கிய ஏரியை எந்த நியாயத்தால் காப்பது என்பதைத் தர்ம விசாரமாகவே நான் கருதுகிறேன்.

நம் முன்னோருக்கு இவ்வினா எழவில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க விதி வகுத்துக் கல்லில் பொறித்தபோது, புண்ணியமும் விளைச்சலும் ஒரே நீரில் கலந்திருந்தன. வேடந்தாங்கல் குடிகள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்ததிலும், எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று என்னும் லாபம் உண்டு. அதனால் அவர்களுடைய ஜீவகாருண்யம் குறைபட்டதென்று சொல்பவர், கருணைக்குப் பட்டினி கிடப்பதே லட்சணம் என்று எண்ணுகிறார் போலும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் வயலே மறைந்தபின் எஞ்சி நிற்கும் கடமை யாது?

இங்கிருந்து அணித்தான ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ல் அவதரித்த ராமானுஜர், சேதனமும் அசேதனமுமாகிய அனைத்தும் ஈசுவரனுக்குச் சரீரம் என்றார். சரீரமாவது, தன்னுள் உறையும் ஆன்மாவினால் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அவ்வான்மாவுக்கே சேஷமாய், அதாவது உடைமையாய், இருப்பது என்று ஸ்ரீபாஷ்யத்தில் வரையறுத்தார். அவர் ஏரியை மனத்தில் வைத்து இதனைக் கூறவில்லை. ஆயினும் இச்சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டால், நீரும் சேறும் கோரையும் நாரையும் நமக்காகவே இருப்பன என்னும் எண்ணம் நிற்காது. நம் பாசனம் ஒழிந்தாலும் அவற்றின் சேஷத்துவம் ஒழிவதில்லை.

இவ்வட்டாரத்து மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரே அடையாறாகத் திரண்டு கடலை அடைகிறது. அதன் முகத்துவாரத்தருகே, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர்க் கழிநிலம் சீர்செய்யப்பட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆறு முடியுமிடத்தில் காட்டிய அக்கறையை அது பிறக்கும் இடத்திலும் காட்ட வேண்டாமா? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தால் சென்னை பட்ட பாடு அறியாதவர் இல்லை.

ஒடிசாவிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ இங்கு வேலைக்கு வந்த இளைஞனுக்கு இவ்வூர் ஏரியோடு குடிமராமத்து உறவும் இல்லை, குலதெய்வ உறவும் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவன் காசு கொடாமல் அமரத்தக்க கரை ஒன்று இருந்தால், அங்கே ஊர்க்கிழவரோடு பேச நேர்ந்தால், அவ்வுறவு துளிர்க்கும். ஏரிக்கரையைப் பூங்காவாக்குவதன் சமூகப் பயனை அங்கேதான் காண்கிறேன். ஆனால் கரை முழுதும் சிமெண்டு பூசி, வண்ண விளக்குத் தொங்கவிட்டுப் படகு ஓட்டினால், ஆழம் குறைந்த சேற்று ஓரத்தில் இரை தேடும் பறவைக்கு அங்கே இடமில்லை. வரத்துக்கால்வாயின் ஆக்கிரமிப்பை அகற்றி, கழிவுநீரைத் தடுத்து, கலங்கலைச் செப்பனிட்டு, கோரை வளரும் ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதன் பிறகே நடைபாதைக்கு அளவுக்கல் நாட்ட வேண்டும்.