ஊர் மாறுவது யாருக்காக?

வணிகப் பெருமக்களுக்கு ஊர் மாறுவதைப் பற்றி எழுதுவது மீனுக்கு நீச்சல் கற்பிக்கும் காரியம் என்று சிலர் நகைக்கலாம். நம் பாட்டன்மார் கப்பலேறியவர்கள். நாம் அவர்கள் திறந்த கடையில் உட்கார்ந்திருப்பவர்கள். ஆயினும் பிழைப்புக்காக ஊர் மாறுவது வேறு. பிழைத்து முடித்தபின் உடம்பின் சௌகரியத்துக்காக ஊர் மாறுவது வேறு. இந்த இரண்டாவது வகைப் பிரயாணத்தைப் பற்றி நாம் சில மாதங்களாக நிறைய யோசிக்க வேண்டியதாயிற்று. நம் மூத்த லாத்தாவின் கணவர், நம் மச்சான், நம்மிடம் ஆலோசனை கேட்டதே காரணம்.

மச்சான் பினாங்கில் பிறந்தவர். 1973இல் படிப்பதற்கென்று லண்டன் போனார். வேலை கிடைத்தது, தங்கிவிட்டார். 1979இல் நம் லாத்தாவை நிக்காஹ் செய்து அழைத்துப் போனார். நாம் அப்போது தத்தித் தத்தி நடக்கும் பிள்ளை. இன்று அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் வலி. அங்கே டிசம்பர் மாதத்தில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டுமாம். மாலை நான்கு அடிப்பதற்குள் இருட்டிவிடுமாம். 2022இல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததும் எரிவாயுவின் விலை ஏறியது. அதிலிருந்து வீட்டில் ஒரே ஓர் அறைக்குத்தான் கணப்பு. மற்ற அறைகளின் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வயது முதிர்ந்தவர் படுக்கையிலும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு படுப்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர் எழுதினார்: “தம்பி, எலும்புக்குள் குளிர் போய்விட்டது. தஞ்சோங் பூங்காப் பக்கம் ஒரு வீடு பார். இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுகிறோம். மீதிப் பணத்தில் உன் கடையிலும் கொஞ்சம் போடலாம்.”

கடைசி வரியைப் படித்ததும் நம் மனம் துள்ளியதை மறைப்பானேன்? மொத்த வியாபாரிக்கு இரண்டு மாதப் பாக்கி நின்றுகொண்டிருந்தது. ‘தாராளமாக வாருங்கள், மச்சான்’ என்று அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டோம். வெயிலின் நன்மை, மீனின் ருசி, பள்ளிவாசலின் அருகாமை எல்லாவற்றையும் வருணித்தோம். சரக்கை விற்கிறவன் சரக்கைப் பற்றிச் சொல்லும் ஆலோசனை அது.

ஒரு வாரம் கழித்து லாத்தாவுடன் தொலைபேசியில் பேசும்போது வீட்டுப் பேச்சை எடுத்தோம். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

“வீடு பார்க்கச் சொன்னாரா? நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது தம்பி.”

பிறகு மெதுவாகச் சொன்னார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று பேத்திகள் இருவரையும் அழைத்து வருவது அவர்தான். மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இவர் இல்லையென்றால் அவள் வேலையை விட வேண்டும். அடுத்த வீட்டு வங்காளத்துப் பெண்மணியிடம் சாவி கொடுத்து வைக்கும் அளவுக்குப் பழக்கம். “இருபத்தொரு வயசிலே ஒரு முகம் தெரியாத ஊருக்கு வந்தேன். இந்த நாலு பேரைச் சம்பாதிக்க எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு. திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தெம்பு இல்லை. ஆனா அவர் ராத்திரி முனகுறதைக் கேட்டுக்கிட்டும் இருக்க முடியலே” என்றார்.

மச்சான் ‘வந்துவிடுகிறோம்’ என்று எழுதியிருந்தார். அந்த ‘ஓம்’ என்ற விகுதியில் லாத்தா இருந்தாரா இல்லையா என்பதை நாம் கேட்காமல் விட்டோம். உடன்பிறந்தவரே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

நம் வீட்டில் இது புதியதுமன்று. வாப்பா 1951இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு வந்தார். உம்மாவை நிக்காஹ் செய்து அப்போது நான்கே மாதம். ராமநாதபுரம் சீமைக் கடலோரத்தில், மாமியார் வீட்டில், உம்மா ஆறு வருஷம் இருந்தார். சபர் போகிறவரைத்தான் ஊர் வழியனுப்பும். இருக்கிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 1957இல் உம்மாவை இங்கே அழைத்துக்கொண்டார்கள். அப்போதும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. தம் தாயார் மௌத்தான செய்தி உம்மாவுக்குக் கடிதத்தில்தான் வந்தது, இருபது நாள் கழித்து. வாப்பாவை நாம் குறை கூறவில்லை. அவர் பசிக்காக வந்தார். வந்த இடத்தில் அரிசி மூட்டைமேல் படுத்துத் தாமும் விலை கொடுத்தார். ஆனால் அந்த விலையில் பாதியை உம்மா கொடுத்தார் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

ஆகவே ஊர் மாறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. சுகம் யாருக்கு, செலவு யார் பற்றில்? இரண்டும் ஒரே ஆளுடையதாக இருந்தால் பிறர் தலையிட வேண்டியதில்லை. அவர் நாளைக்கே விமானம் ஏறட்டும். சுகம் ஒருவருக்கும் செலவு மற்றொருவருக்கும் என்றால், செலவு செய்பவரின் சம்மதம் இல்லாமல் எழுதும் உண்டியலுக்கு என்ன பெயர் என்று வணிகருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நம் கூட்டாளி ஒருவர் கடை வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே அதை எழுப்பினார். “அந்த அம்மாளின் சம்மதம் இல்லை என்று லண்டனிலேயே இருந்தால், முழங்கால் வலி யார் பற்றில்? அதுவும் செலவுதானே?” என்றார். உண்மை. போனாலும் ஒருவர் கொடுக்கிறார், இருந்தாலும் ஒருவர் கொடுக்கிறார். இதற்கு இரண்டு நாள் நமக்குப் பதில் அகப்படவில்லை. பிறகு இப்படி எண்ணினோம். இரண்டு பக்கமும் நஷ்டம் உள்ள வியாபாரத்தில், திருப்பிக்கொள்ளக்கூடிய நஷ்டம் எது, திரும்ப முடியாத நஷ்டம் எது என்றுதான் பார்க்க வேண்டும். பிறர் பற்றில் திரும்ப முடியாத செலவை எழுதலாகாது.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது மச்சானின் திட்டத்தில் திரும்ப முடியாதவையே மிகுதியாக இருந்தன. முதலாவது வீட்டு விற்பனை. லண்டனில் விற்ற வீட்டை மறுபடி வாங்குவது அவர்போன்ற ஓய்வூதியக்காரருக்கு நடவாத காரியம். அடுத்தது ஓய்வூதியம். மலேசியாவில் குடியேறுகிறவருக்குப் பிரிட்டிஷ் அரசாங்க ஓய்வூதியம் வந்த நாளைய தொகையிலேயே நின்றுவிடும். வருடாந்தர உயர்வு கிடையாது. அடிப்படை ஓய்வூதியம் 2010இல் வாரத்துக்கு 97.65 பவுன், 2024இல் 169.50 பவுன். 2010இல் அதை வாங்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தவர் பழைய 97.65ஐத்தான் வாங்கிக்கொண்டிருப்பார். பிலிப்பைன்ஸுக்குப் போயிருந்தால் உயர்வு உண்டு. அவர்கள் உடன்படிக்கையின் விசித்திரம் அது! அங்குள்ள இலவச வைத்தியத்துக்குரிய பாத்தியதையும் குடியிருப்பை ஒட்டியது, குடிபெயர்ந்தால் போய்விடும். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்நிய நாட்டாருக்குக் கட்டணம் வேறு.

ஆம், மச்சான் இன்று இந்த மண்ணுக்கு அந்நியர். பிரிட்டிஷ் பிரஜையானவுடன் மலேசியப் பிரஜாவுரிமை போயிற்று. நம் சட்டத்தில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடமில்லை. பிறந்த ஊரில் தங்க அவர் மனுச் செய்ய வேண்டும். அவர் விசாரித்த வழிகளில் ஒன்று ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்னும் திட்டம். 2002இல் தொடங்கிய அத்திட்டத்தின் நிபந்தனைகள் 2021இல் திடீரென்று கடுமையாயின: பத்து லட்சம் வெள்ளி வைப்புத்தொகை, மாத வருமானம் 40,000 வெள்ளி. 2024இல் மறுபடியும் மாற்றி, வகுப்பு வகுப்பாகப் பிரித்து, வீடு வாங்குவதையும் கட்டாயமாக்கினார்கள். ஸ்பெயின் தேசத்து வெயிலை நம்பிப் போன ஆங்கிலேயருக்கும் இவ்வாறே நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியபின், 2021 முதல், அங்கே குடியுரிமம் இல்லாதவர்கள் 180 நாளில் 90 நாளே தங்கலாம் என்றாகிவிட்டது. வெயில் மாறாது, சட்டம் மாறும்.

இனி, நமக்கு மிகவும் வெட்கம் தந்த விஷயத்துக்கு வருவோம். மச்சானுக்காக நாம் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருந்தோம். அதில் பன்னிரண்டு வருஷமாக ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது; வீட்டுக்காரர் “இரண்டே மாதத்தில் காலி செய்து கொடுக்கிறேன்” என்றார். நாமும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். வீட்டுக்கு நடக்கும்போதுதான் 2000ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, அவ்வாண்டு ஜனவரி முதல் ஜார்ஜ் டவுனில் வாடகைகள் எகிறின. இரண்டு தலைமுறையாகப் பலகை போட்டு வியாபாரம் செய்த நம்மவர் எத்தனை பேர் சாமானைக் கட்டினார்கள்! 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் நகரம் சேர்ந்தது. வெளியார் பணமும் வந்தது. மிச்சமிருந்தவர்களிலும் பலர் போனார்கள். அன்றைக்கு ‘பணம் கொண்டு வருகிறவன் இருக்கிறவனை எண்ணிப் பார்ப்பதில்லை’ என்று உரக்கப் பேசியவர்களில் நாமும் ஒருவர். இன்று பணம் கொண்டு வருகிறவர் நம் மச்சான் என்பதால் அந்தக் குடும்பம் நம் கண்ணில் படவில்லை.

மச்சானுக்கு மறுபடி எழுதினோம். முதல் கடிதம் கடைக்காரனுடையது என்றும், இது மச்சினன் எழுதுவது என்றும் சொல்லிவிட்டே தொடங்கினோம். கடையில் அவர் பணம் போட வேண்டாம் என்பதை முதலில் வைத்தோம். அது இருக்கும்வரை நம் வாயிலிருந்து நேரான யோசனை வராது. வீட்டை விற்காதீர்கள், பூட்டிவிட்டு வாருங்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு இங்கே 90 நாள் விசா இல்லாமலே தங்கலாம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியை நம் வீட்டு மாடியறையில் கழியுங்கள். ஆனால் குடியேறும் எண்ணம் இன்னும் இருந்தால், முதலில் ஒருமுறை செப்டம்பர், அக்டோபரில் வந்து பாருங்கள். நீங்கள் எப்போதும் ஜனவரியில் விருந்தாளியாக வந்து நல்ல வெயிலைப் பார்த்தவர். அடைமழையையும், 1997, 2015, 2019இல் வந்ததுபோல் சுமத்ராப் புகை வந்தால் அதையும், விசிறியடியில் வியர்த்து விழிக்கும் இரவையும் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் முன்பு, லாத்தாவிடம் கேளுங்கள். ‘போகலாமா?’ என்று கேட்டால் அவர் ‘சரி’ என்றுதான் சொல்வார். உம்மாவின் மகள் அல்லவா? ‘போனால் உனக்கு என்ன போகும்?’ என்று கேளுங்கள். இவ்வளவும் எழுதினோம்.

பதிலுக்கு மச்சான் கோபமாக இரண்டு வரி எழுதினார். பத்து நாள் கழித்து லாத்தா பேசினார். மூன்று மாதம் என்றால் மகளின் மாமியார் பேத்திகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். அதற்குமேல் ஒரு நாளும் தன்னால் இருக்க முடியாதென்று மச்சானிடம் தாமே சொல்லிவிட்டாராம். “நீ என்ன எழுதினேன்னு தெரியலே, அவர் ராத்திரி உட்காரவைச்சு என்கிட்டே ஒரு மணி நேரம் பேசினார்” என்றார். குரலில் சிரிப்பு இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, லைன் சரியில்லை.

அடுக்குமாடி வீட்டுக்காரரிடம் போய், வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மொத்த வியாபாரியின் பாக்கி இன்னும் நிற்கிறது.