விலகி நிற்கும் துணை

தொழில்வழிச் சிகிச்சை என்னும் தொடரில் 'தொழில்' என்பது பிழைப்பை மட்டுமன்றி, உண்ணல், உடுத்தல், நீராடல் முதலாக ஒருவர் நாள்தோறும் தாமே செய்யும் செயல்கள் அனைத்தையும் குறிக்கும். 1917இல் அமெரிக்காவில் அமைப்புருப் பெற்ற இத்துறையில், சிகிச்சையாளர் வகுக்கும் பயிற்சிக்கு அருகிருந்து துணைசெய்பவர் உதவியாளர். பக்கவாதத்தால் தளர்ந்த கை சட்டைப் பொத்தானோடு போராடும்போது, அதைத் தாமே பூட்டிவிடாமல் காத்திருப்பதே அவருடைய கடமைகளுள் கடினமானது.

உள்நாட்டுப் போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட இலங்கையின் திருகோணமலையில், அதன் துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாவில் வாழ்வோர்க்கு, செய்ய வல்லவர் செய்யாது நிற்பது கருணையாகுமா என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. சிவனைக் கோணேசராகப் போற்றும் அம்மண்ணில் வேரூன்றிய சைவ சித்தாந்தம், தனு எனும் உடல், கரணம் எனும் உட்கருவி, புவனம் எனும் உலகம், போகம் எனும் நுகர்பொருள் ஆகியவற்றை இறைவன் அளிப்பது, உயிர் தானே செயற்பட்டுப் பக்குவம் அடைவதற்கே என்கிறது. அவனுடைய ஐந்தொழில்களுள், உயிர் பக்குவம் அடையும்வரை தன்னை வெளிக்காட்டாது நிற்கும் மறைத்தலும் அருளாகவே கொள்ளப்படுகிறது.

உதவியாளர் இறைவனல்லர், அவருடைய கணிப்பு தவறலாம். ஆதலால் கை விலகினாலும் கண் விலகலாகாது. விழும் கணத்தில் தாங்கும் அணிமையே, அவருடைய விலகலைப் புறக்கணிப்பிலிருந்து பிரித்து, அறமாக்குகிறது.