எல்லாரும் போகிறார்களே!



சென்ற மாதம் இளைஞர் கூட்டம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கையில், ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி போட்டார். அவர் வீடு ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய தெருவொன்றில் இருக்கிறது. வேலைக்குப் போக வலப்பக்கம் திரும்ப வேண்டும். நடுவிலோ தடுப்புச் சுவர். முறைப்படி போவதானால் இடப்பக்கம் வெகுதூரம் போய், யூ டர்ன் எடுத்து, போன தூரமெல்லாம் திரும்பி வரவேண்டும். ஆகவே அந்தத் தெருக்காரர் அனைவரும் ஓரமாக எதிர்த்திசையில் வண்டியை ஓட்டி, அடுத்த திறப்பில் புகுந்துவிடுகிறார்கள். "இருபது வருஷமாக எல்லாரும் இப்படித்தான் போகிறோம், சாமி. இது பாவமா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் அனைவரும் மீறும் சட்டம் இன்னும் சட்டந்தானா, ஒருவன் மட்டும் அதை அனுசரிப்பது புண்ணியமா பைத்தியமா என்பது குருமடத்தில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியல்லவா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் போவதில் தன்னிலே எந்தப் புண்ணியமும் இல்லை. வலப்பக்கம் போவதில் எந்தப் பாவமும் இல்லை. சுவீடன் தேசத்தார் தலைமுறை தலைமுறையாக இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள், 1967 செப்டம்பர் 3-ம் தேதி விடியற்காலையில் தேசம் முழுவதும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் மாறிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் என்பதல்ல காரியம். எதிரே வருகிறவனுக்கு நான் எங்கே இருப்பேன் என்று தெரிந்திருப்பதே காரியம். அந்த நம்பிக்கையின்மேல்தான் அவன் தன் மனைவியையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறான்.

சரி, வழக்கம் சட்டத்தை மாற்றாதா? மாற்றும். அர்ச். தோமாஸ் அக்குவினாஸே ஜனங்களின் வழக்கம் சட்டத்தின் பலத்தைப் பெறலாம் என்று போதிக்கிறார். 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும், சட்டத்துக்கு மாறான வழக்கம் முப்பது வருஷம் இடைவிடாமல் நிலைத்தால் சில நிபந்தனைகளோடு அதற்குப் பலமுண்டு என்கிறது. இதை நான் சொன்னதுதான் தாமதம், "அப்படியானால் இன்னும் பத்து வருஷம் பொறுத்தால் போதும், சாமி!" என்றார் அந்தத் தம்பி. நல்ல வக்கீலாக வருவார்.

திருச்சபைச் சட்டம் ரோட்டுக்கு எழுதப்பட்டதல்ல. ஆயினும் அது கேட்கும் நிபந்தனையொன்றை ரோட்டிலும் கேட்டுப் பார்க்கலாம்: அந்த வழக்கம் நியாயமானதா? சட்டம் என்பது பொது நன்மைக்காகப் புத்தி வகுக்கும் ஒழுங்கு. வழக்கமும் அந்தப் பொது நன்மைக்குப் பிறந்திருக்க வேண்டும். தெருக்காரர் எல்லாரும் சம்மதித்தார்கள் என்கிறீர்கள். அந்த ஓரத்தில் நடந்து போகிறவனைக் கேட்டீர்களா? முறைப்படி எதிரே வருகிற ஷேர் ஆட்டோக்காரரைக் கேட்டீர்களா? லாபம் அடைகிறவர்கள் மட்டும் கூடிச் செய்துகொண்ட சம்மதத்துக்கு வழக்கம் என்ற பெயர் தகாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்களும் கால்நடையாய்ப் போனவர்களுமே.

ஆகையால்தான் திருச்சபை இந்தக் காரியத்தை ஐந்தாம் கற்பனையில் சேர்க்கிறது. 1992-ல் வெளிவந்த பொது ஞானோபதேசத்தில், குடியினாலோ வேகத்தின்மேல் கொண்ட ஆசையினாலோ சாலையில் பிறருக்கு ஆபத்து வருவிப்பவன் கனமான குற்றத்துக்கு உள்ளாகிறான் என்று அந்தக் கற்பனையின் கீழேயே கண்டிருக்கிறது. 2007-ல் உரோமாபுரியிலிருந்து வாகனம் ஓட்டுகிறவர்களுக்கென்றே பத்துக் கற்பனைகள் வந்தபோது பத்திரிகைகள் வேடிக்கை செய்தன. அவற்றிலும் முதலாவது அந்த ஐந்தாம் கற்பனைதான்.

நம் ரோடுகளில் ஒழுங்கே இல்லை என்று வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதுண்டு. முகூர்த்த நாட்களில் நம் திருநீர்மலையைப் பாருங்கள். மலைக்கோயிலில் கலியாணம் முடித்த கூட்டம், மாப்பிள்ளை கார், பஸ், தண்ணீர் லாரி, பால்காரர், மாடு, எல்லாம் ஒரே ரோட்டில். கையை உயர்த்தி ஒருவர் நிற்கச் சொல்கிறார். முன்பின் அறியாத இன்னொருவர் நிற்கிறார். கண்ணாலே பேசிக்கொண்டு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இது சிறிய காரியமல்ல. ஆனால் இந்த ஒழுங்கில் யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று ஒருநாள் நின்று கவனியுங்கள். நடக்கிறவர் ஸ்கூட்டருக்கு ஒதுங்குகிறார், ஸ்கூட்டர் காருக்கு, கார் லாரிக்கு. எப்பொழுதும் சிறியதே பெரியதற்கு ஒதுங்குகிறது. எரிக்கோவுக்குப் போகும் பாதையில் நடந்ததாக நம் ஆண்டவர் சொன்ன உவமையிலோ, வாகனம் வைத்திருந்தவன் இறங்கி, தரையில் கிடந்தவனை அதன்மேல் ஏற்றினான்.

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. உதவுகிறவரைத் தொல்லைப்படுத்தலாகாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது என்னும் விதிகளுக்கு 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்ந்தது. நம் மாகாணத்தில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டத்தின்படி, விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் சிக்னலில் நிற்கிறோம். சிவப்பு விளக்கு. முன்னே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் தகப்பனார், "போலீஸ் இருக்கிறாரா பார்" என்கிறார். குழந்தை எட்டிப் பார்த்து, "இல்லைப்பா" என்கிறது. வண்டி கிளம்பிவிடுகிறது. ஞாயிறுதோறும் அந்தக் குழந்தைக்கு மனச்சாட்சி என்றால் என்ன என்று நம் கன்னியர் கற்பிக்கிறார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நடப்பது இந்தப் பாடம்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் காரியத்தை மறைப்பது முறையல்ல. ஒரு சாயங்காலம், பம்மல் பக்கத்தில் ஒரு பெரியவர் அவஸ்தையாயிருக்கிறார், உடனே வரவேண்டும் என்று போன் வந்தது. ரோடு அடைத்துக் கிடந்தது. உயிர் போகிற அவசரத்துக்குச் சட்டம் விலகும் என்று குருமடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. வேண்டிய சமயத்தில் இதெல்லாம் சரியாக ஞாபகம் வந்துவிடும். ஸ்கூட்டரை எதிர்ப்பக்கத்து ஓரத்தில் விட்டேன். தலையில் கீரைக்கூடையோடு ஒரு பாட்டியம்மாள் எதிரே வந்தார். அவர் ஒதுங்க இடமில்லை. மூடி இல்லாத கால்வாய் ஒருபுறம், ஜல்லிக் குவியல் ஒருபுறம். ஜல்லிமேல் கால் வைத்தார், சறுக்கினார், கூடை சாய்ந்து கீரைக்கட்டுகள் ரோட்டில் விழுந்தன. நான் பதறி நிறுத்தினேன். என் அங்கியைப் பார்த்ததும் அவர், "நீங்க போங்க சாமி, உங்களுக்கு என்ன அவசரமோ" என்றார்.

ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அவசரத்துக்குச் சட்டம் விலகும் என்பது மெய்தான். ஆனால் அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர் நானல்ல, அவர். என் வழக்கில் நானே நீதிபதியாயிருந்து, அவரை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் பெரியவர் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் மிச்சம் பிடித்தது நாலு நிமிஷம் இருக்கலாம்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இதுதான்: குற்றந்தான், தம்பி, யூ டர்ன் வரைக்கும் போய் வாருங்கள். "தினம் பத்து நிமிஷம் தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்களே, சாமி?" என்றார். பத்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம். வீட்டில் ஒரே குளியலறை, தண்ணீர் வருவதும் அந்த நேரந்தான் என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆயினும் அந்த வாரத்திலிருந்து அவர் சுற்றிக்கொண்டுதான் போகிறாராம்.

நானும் இப்பொழுது வரிசையிலேயே போகிறேன். போன செவ்வாய்க்கிழமை பல்லாவரம் போகையில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். பின்னாலிருந்தவர் விளக்கு மாறுகிற வரையில் விடாமல் ஹாரன் அடித்தார். பச்சை விழுந்து என்னைத் தாண்டும்போது திட்டுவதற்காக ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். என்னைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். நம் பங்கைச் சேர்ந்தவர்தான்.