விரட்டப்பட்டவர்களும் அறமும்

1989இல் வெளிவந்த 'லீன் ஆன் மீ' என்ற ஹாலிவுட் படம், நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரிலுள்ள ஈஸ்ட்சைட் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஜோ கிளார்க்கின் கதை. மார்கன் ஃப்ரீமன் நடித்த கிளார்க், பொறுப்பேற்றதும் போதைப்பொருள் விற்பவர்களையும் அடிதடிக்காரர்களையும் மேடையேற்றி, எல்லோர் முன்னிலையிலும் மொத்தமாக வெளியேற்றுகிறார். பலரின் நலனுக்காகச் சிலரைக் கைவிடலாமா?

பலரின் நன்மையே அறத்தின் அளவுகோல் என்னும் தத்துவவாதி பெந்தாமின் பயன்வழிக் கொள்கை பெரும்பாலும் கிளார்க்கின் பக்கமே நிற்கும். எந்த மனிதரையும் பிறர் நலனுக்கான வெறும் கருவியாக்கக் கூடாது என்ற தத்துவவாதி காண்ட் தயங்குவார். லூக்கா நற்செய்தியின் உவமை இன்னும் கடினமானது: தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகிறான் மேய்ப்பன். அந்த ஆடு மற்ற ஆடுகளைக் கடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பயந்தபடி படிக்க வரும் பிள்ளைக்கும் நீதி உண்டு.

1955இல் வந்த 'பிளாக்போர்டு ஜங்கிள்' படத்திலும் இதே இக்கட்டுதான். சிட்னி பாய்ட்டியே நடித்த மாணவனை ஆசிரியர் பொறுமையால் வென்றெடுக்கிறார். கத்தியை உருவிய இன்னொருவனை வகுப்பிலிருந்து இழுத்துச் செல்கிறார்.

கிளார்க்கும் ஒருவனுக்கு மட்டும் இரங்குகிறார். வெளியேற்றப்பட்ட சாம்ஸ் என்ற சிறுவன் அழுது மன்றாடியபோது, மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்க் கடுமையாகக் கண்டித்துவிட்டு மீண்டும் சேர்த்துக்கொள்கிறார். படத்தின் மிக உண்மையான காட்சி இதுவே. கேட்கத் தெரிந்தவனுக்குக் கருணை கிடைத்தது. கேட்கத் தெரியாமல் போன மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் படம் பின்தொடரவில்லை.